சிறுதொழிலில் வளர்ந்தவர்களிடம் நீங்கள் நேரில் பார்த்த குணம் என்ன? (வடாற்காடு பக்கத்து அனுபவங்கள்)

வேலூர், வரிக்கணக்கு எழுதுபவர்:

சின்னக் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் ஜிஎஸ்டி கணக்கு எழுதுவது என் வேலை. லாட்ஜ், மளிகை மண்டி, பிரிண்டிங் பிரஸ் என்று எல்லா வகையும் என்னிடம் உண்டு. ஒருவர் தொழில் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது அவர் வீட்டாருக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் கேட்கிறேன். உங்கள் ஊரில் கண்ணெதிரே வளர்ந்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களிடம் என்ன குணம் இருந்தது? தயவுசெய்து கடின உழைப்பு, விடாமுயற்சி என்று மட்டும் எழுதாதீர்கள். கடையை மூடியவர்களும் விடியற்காலையில் எழுந்தவர்கள்தான்.

முதலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். சிஎம்சி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சந்தில் மெஸ் நடத்துகிற ஓர் அக்கா. அந்த வட்டாரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கடைப் பலகைகளில் தமிழோடு வங்காள எழுத்தும் இருக்கும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், திரிபுரா, வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ வைத்தியத்துக்கு வருகிறார்கள். காட்பாடியில் இறங்கி, லாட்ஜில் ரூம் எடுத்து, வாரக்கணக்கில் தங்குவார்கள். 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய ஆஸ்பத்திரி, இன்று சுற்றியுள்ள எத்தனையோ அடுப்புகளை எரியவைக்கிறது.

அக்கா ஆரம்பத்தில் போட்டது நம் ஊர்ச் சாப்பாடு. சாம்பார், காரக்குழம்பு, ரசம். வந்தவர்கள் பாதியில் எழுந்து போனார்கள். பக்கத்து மெஸ்காரர், "இவங்களுக்கு நம்ம ருசி தெரியல" என்று சொல்லிவிட்டு அதே குழம்பைத் தொடர்ந்தார். அக்கா என்ன செய்தார் தெரியுமா? சாப்பிடாமல் எழுந்த ஒரு வயதான அம்மாளை நிறுத்தி, சைகையிலேயே என்ன பிடிக்கவில்லை என்று கேட்டார். மறுநாள் அந்த அம்மாளை அடுப்பங்கரைக்கே கூட்டிப்போய்விட்டார். புளி குறைந்தது, மிளகாய் குறைந்தது, கடுகு எண்ணெய் வந்தது. கசகசா அரைத்துப் போட்ட உருளைக்கிழங்கு இப்போது அங்கே தினப்படி. ரோகு மீன் வறுவலுக்கு லாட்ஜிலிருந்து தூக்குடன் வந்து நிற்கிறார்கள். அக்கா வங்காளத்திலேயே பேரம் பேசுகிறார். இலக்கணம் எப்படியோ, கணக்கு சரியாக இருக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது இதுவல்ல. நோயாளி வீட்டில் பணம் தீர்ந்துபோவது சகஜம். ஊரிலிருந்து பணம் வரவேண்டும், இரண்டு நாள் பொறுங்கள் என்பார்கள். பக்கத்து மெஸ்காரர் கூச்சத்தில் கேட்கமாட்டார். பாக்கி ஏறும், ஒருநாள் அவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், அந்தக் கோபத்தில் மற்றவர்களுக்கு விலை ஏறும். அக்கா ஞாயிற்றுக்கிழமைதோறும் நோட்டை எடுத்துவந்து, அவர்கள் எதிரிலேயே கூட்டிக் காட்டுவார். கடுமையே இருக்காது. "இவ்வளவு ஆச்சு, எப்போ முடியும்?" அவ்வளவுதான். முடியாது என்று நேராகச் சொன்னவர்களுக்குப் பாதி விலையில் கஞ்சியும் பருப்பும் கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன். தன் வீட்டுக்காரர் சாப்பிட்டாலும் அதே நோட்டில் எழுதுவார். முதல்முறை அந்த வரியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் புரிந்தது, என்னிடம் வருகிறவர்களில் கல்லாப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் பிரித்து வைத்திருப்பவர்கள் எத்தனை குறைவு என்று.

சங்கடமான பேச்சைத் தள்ளிப்போடாத குணம். என் பதில் அதுதான். உங்கள் பக்கத்து அனுபவத்தைச் சொல்லுங்கள்.

ஆம்பூர், ஷூ அப்பர் வேலை:

நீங்கள் சொன்னது எங்கள் தெருவிலேயே இருக்கிறது சார். ஓர் அண்ணன், ஷூ கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவர், வெளியே வந்து கொஞ்சம் தையல் மிஷின்கள் போட்டு ஜாப் ஒர்க் ஆரம்பித்தார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வெட்டிய தோல் கம்பெனியிலிருந்து வரும். ஓரம் சீவி, ஒட்டி, தைத்து ஷூவின் மேல்பாகமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஜோடிக்கு இத்தனை ரூபாய் என்று கூலி. தையல் கோணினால் கூலி போவதோடு நிற்காது, தோலின் விலையையும் பிடித்துக்கொள்வார்கள். அதனால் இந்தத் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பழுதானதை நல்லதுக்கு அடியில் வைத்து அனுப்புவார்கள். சரக்கு தாமதமானால் போனை எடுக்கமாட்டார்கள்.

இந்த அண்ணன் நேர்மாறு. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, அந்தச் சமயம் நான் அவர் பட்டறையில் இருந்தேன். அக்கரையிலிருந்து வரவேண்டிய பெண்கள் வரமுடியவில்லை. எல்லோரும் "கொஞ்சம் பார்க்கலாம், மழை விடட்டும்" என்றோம். அவர் அதிகாலையிலேயே மேனேஜரைக் கூப்பிட்டு, "சார், இன்னிக்குப் பாதிதான் வரும். மீதி எப்போ வந்தா உங்களுக்குத் தாங்கும்?" என்று கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து விழுந்த வசவு எங்களுக்கும் கேட்டது. அண்ணன் பேசி முடித்துவிட்டு டீ சொன்னார்.

அதற்கப்புறம் அவசர லாட் எல்லாம் இவருக்குத்தான். இவரைவிட நன்றாகத் தைப்பவர்கள் ஆம்பூரில் இருக்கிறார்கள், அதை அவரே ஒப்புக்கொள்வார். ஆனால் கன்டெய்னர் ஏறும் தேதிக்கு முன்னால் உண்மை நிலவரம் தெரிந்தால் மேனேஜர் வேறு லைனில் ஏதாவது ஏற்பாடு செய்துகொள்வார். கடைசி நிமிடத்தில் தெரிந்தால் அவர் வேலைக்கே ஆபத்து.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பணம் கேட்க இந்த அண்ணனுக்கு வாய் வராது. அண்ணிதான் கேட்பார். மாதம் பிறந்தால் அண்ணியின் போன் வரும் என்று கம்பெனி அக்கவுன்ட்ஸ் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். எல்லாக் குணமும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

குடியாத்தம், லுங்கி வியாபாரம்:

எல்லாம் சரி. ஆனால் வளர்ந்தவனிடம் போய்க் குணத்தைத் தேடினால் கட்டாயம் ஏதாவது கிடைக்கும். வளராதவனிடமும் அதே குணம் இருந்ததா என்று யார் போய்ப் பார்த்தது?

நான் இரண்டு பேரை அடுத்தடுத்துப் பார்த்தவன். இருவருக்கும் தறிக்காரர்களிடம் நல்ல பெயர். இருவரும் வாக்கு தவறாதவர்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டதும் சரக்கு குடோனில் தேங்கியது, வெளியூர்க் கடைக்காரர்கள் பாக்கியைத் தரவில்லை. ஒருவருக்கு மாமியார் வீட்டு நகை இருந்தது, அடகு வைத்து நூல்காரருக்குக் கொடுத்தார், தாண்டிவிட்டார். இன்னொருவருக்கு அது இல்லை. இன்று அவர் வேறொருவர் கடையில் கணக்குப் பார்க்கிறார். பேச்சில் எந்தக் கூச்சமும் இல்லாத ஆள் அவர். சொல்லப்போனால் முதலாமவரைவிடத் தைரியசாலி. நகை இருந்தவரைப் பற்றி இப்போது ஊரில் "நிதானமான மனுஷன்" என்கிறார்கள். அந்த நிதானம் லாக்கரிலிருந்து வந்தது.

வேலூர், வரிக்கணக்கு எழுதுபவர்:

குடியாத்தத்து அண்ணன் சொல்வதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. கையில் தாங்குவதற்கு ஒன்று இருந்தால்தான் குணம் வேலை செய்ய நேரமே கிடைக்கும். அந்த இரண்டாமவர் மாதிரி ஆட்களை நானும் பார்த்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அடமானம் வைக்க நகை இல்லாதவர்களுக்காகத்தான் 2015இல் முத்ரா என்ற மத்திய அரசின் சிறுதொழில் கடன் திட்டம் வந்தது. 50,000 ரூபாய் வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண் என்று வகை. பிணை கேட்கக்கூடாது என்பது விதி. வங்கியில் நடைமுறை எப்படி என்று நீங்களே சொல்லுங்கள். அங்கேயும் வரவுசெலவு நோட்டைக் காட்ட முடிந்தவருக்குப் பேச்சு சுலபமாகிறது என்பது மட்டும் நான் கண்டது.

ஆம்பூர்க்காரருக்கு: அண்ணியிடம் ஒரு விஷயம் சொல்லுங்கள். உத்யம் என்கிற அரசின் சிறுதொழில் பதிவு இருந்தால், குறு, சிறு தொழில்காரரிடம் சரக்கோ வேலையோ வாங்கியவர் அவருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி. புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராதே என்ற பயத்தில் பலர் அதைத் தொடுவதே இல்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் கெடு தாண்டிய பாக்கியை, வாங்கிய கம்பெனி பணத்தைக் கொடுத்து முடிக்கும்வரை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதி 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்டால் சண்டை மாதிரி இருக்காது, அவர்கள் ஆடிட்டரே உங்களுக்காகப் பேசுவார்.

ராணிப்பேட்டை, ஃபேப்ரிகேஷன் பட்டறை:

என் பழைய முதலாளியைப் பற்றி எழுதுகிறேன். நான் அவரிடம் ஃபிட்டராக இருந்தேன். எங்கள் பக்கத்துப் பட்டறைகள் பல ஒரே பெரிய நிறுவனத்தை நம்பி எழுந்தவை. டன் கணக்கில் வெல்டிங் வேலை வரும், இன்ஸ்பெக்ஷனுக்கு வருவார்கள், சரி என்று சரக்கில் சீல் குத்துவார்கள், லாரி ஏறும். வேறு யோசனையே தேவைப்படாத காலம் அது.

அந்த நல்ல காலத்திலேயே எங்கள் முதலாளி ஞாயிற்றுக்கிழமையானால் பைக்கை எடுத்துக்கொண்டு ஆரணிப் பக்கம் போவார். அங்கே அரிசி ஆலைகள் நிறைய. ஆலை ஆலையாக ஏறி, எலிவேட்டர் பக்கெட் தேய்ந்திருக்கிறதா, நெல் கொட்டும் ஹாப்பரில் ஓட்டை இருக்கிறதா என்று விசாரிப்பார். சில இடங்களில் வாட்ச்மேனே திருப்பி அனுப்பியிருக்கிறார். "பாய்லர் பாகம் செய்யறவர் தவிட்டுத் தொட்டிக்கு ஒட்டுப் போடப் போறாராம்" என்று டீக்கடையில் கிண்டல். எனக்குமே அது கௌரவக் குறைச்சலாகத்தான் தோன்றியது.

முதல் வேலையில் நாங்கள் பழக்கதோஷத்தில் தடிமனான தகடு போட்டு, வெல்டிங்கைத் தேய்த்துப் பளபளவென்று கொடுத்தோம். ஆலைக்காரர் எடையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு எதுக்கு? எனக்கு நெல் வர்றதுக்குள்ள ராத்திரியோட ராத்திரியா மாட்டித் தந்தா போதும்" என்றார். எங்கள் ஆட்களுக்கு ரோஷம். முதலாளிக்கு ரோஷம் வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து, எது சீக்கிரம் தேய்கிறது, எந்த மாதம் ஆலை நிற்கிறது, எந்தப் பாகத்தைக் கையில் தயாராக வைத்திருந்தால் வாங்குவார் என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். அந்தச் சின்னப் பையன் மாதிரிக் கேட்கிற குணத்தை நான் வேறு எந்த முதலாளியிடமும் பார்க்கவில்லை.

பெரிய ஆர்டர் வற்றியபோது எங்கள் வரிசையில் பல ஷெட்டுகளுக்குப் பூட்டு விழுந்தது. எங்களிடமும் எல்லோரையும் வைத்துக்கொள்ள முடியவில்லை. போகிறவர்களிடம் அவரே தனித்தனியாகப் பேசினார், பாக்கியை முடித்துக் கொடுத்தார். ஆலை வேலை கைகொடுத்தது, பாதிப் பேர் அவரிடமே இருந்தோம். குடியாத்தத்து அண்ணன் கேட்பார், அதனால் சொல்லிவிடுகிறேன்: ஷெட் சொந்த இடம், வாடகை இல்லை. அதுவும் ஒரு காரணம்தான்.

அணைக்கட்டு, காய்கறி:

சின்ன அனுபவம். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் சந்தையில் எல்லாக் கத்தரியும் இலவம்பாடி ஆகிவிட்டது. எங்களிடம் வாங்குகிற ஒரு தம்பி சென்னைக்கு அனுப்புகிறார். காய் பற்றாத நாளில் வேறு ரகம் கலந்தால், அந்தப் பையில் சீட்டு எழுதி வைக்கிறார். விலையும் குறைத்துப் போடுகிறார். அவர் அப்பாவுக்கே அது பிடிக்கவில்லை. வாடிக்கை மட்டும் கூடிக்கொண்டே போகிறது.

ராணிப்பேட்டை அண்ணே, ஒரு சந்தேகம். அரிசி ஆலைக்காரர்களிடம் பணம் வாங்குவது கஷ்டம் என்பார்களே, உங்கள் முதலாளி எப்படிச் சமாளித்தார்?

ராணிப்பேட்டை, ஃபேப்ரிகேஷன் பட்டறை:

தகடு வாங்குகிற காசை முன்பணமாக வைக்காமல் கட்டிங்கே போடமாட்டார் தம்பி. எவ்வளவு பழக்கமானாலும் அதே பேச்சுதான். கூலி பாக்கிக்கு ஆலை மேஸ்திரியைப் பிடித்து வைத்திருந்தார். தவிடு லோடு எந்த நாளில் ஏறுகிறது என்று மேஸ்திரி சொல்லிவிடுவார், அன்றைக்கு ஆலை முதலாளி கையில் ரொக்கம் புரளும். அந்த மத்தியானம் எங்கள் முதலாளி பில் புத்தகத்தோடு அங்கே இருப்பார்.