ஹார்ட் டிஸ்க்கில் 197 ஏறுகிறது: டிடிரெஸ்க்யூவில் ஒரு சந்தேகம்

நண்பர்களே, 1 டெராபைட் சாட்டா ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. சில ஃபோல்டர்களைத் திறந்தால் அரை நிமிடம் உறைந்து நிற்கிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள் காட்டும் ஸ்மார்ட் எண்கள் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதியும் கணக்கு; செக்டர் என்பது தரவு எழுதப்படும் சிறு துண்டு): 05 (மாற்று இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்) – 0, 197 (படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்) – 16 (நேற்று 8), 198 (திருத்த முடியாத செக்டர்) – 8, 199 (கேபிள் வழியே தரவு போகும்போது வரும் பிழை) – 0.

199 சுழியம், அதனால் கேபிள் மேல் சந்தேகமில்லை. 197 எட்டு எட்டாக ஏறுவதற்குக் காரணம், 4096 பைட் செக்டர் ஒன்று 512 பைட் கணக்கில் எட்டாக எண்ணப்படுவது. ஆக, கெட்டது இரண்டு இடமாக இருக்கலாம்.

விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கட்டளையான செக்டிஸ்க்கை ‘ஆர்’ (கெட்ட செக்டர்களைத் தேடும் விருப்பம்) போட்டு ஓட்டச் சொல்லாதீர்கள். அது டிஸ்க் முழுவதையும் மணிக்கணக்கில் படிக்கும். சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு அதுவே எமன். முதலில் லினக்ஸ் லைவ் யுஎஸ்பியில் டிடிரெஸ்க்யூ (கெட்ட டிஸ்க்கிலிருந்து தரவை மீட்டு நகலெடுக்கும் மென்பொருள்) வைத்து வேறு டிஸ்க்குக்குக் குளோன் (முழு நகல்). மேப் ஃபைல் (எந்தப் பகுதி படிக்கப்பட்டது, எது விடுபட்டது என்ற குறிப்பு) மூன்றாவது டிரைவில்.

கேட்க வந்தது இரண்டு:

முதல் சுற்றில் சுரண்டிப் படிப்பதை (கெட்ட பகுதிகளைச் செக்டர் செக்டராகப் படிப்பது) தவிர்த்துவிட்டு, பிறகு மூன்று முறை மறுமுயற்சி கொடுத்தால் போதுமா? கர்னல் கேஷை (லினக்ஸ் தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடைநினைவகம்) தாண்டி நேரடியாகப் படிக்கும் முறையை அப்போதே போடணுமா?

குளோனுக்குப் பின் முழுக்கச் சுழியம் எழுதி, 197 இறங்கி 05 ஏறாமல் இருந்தால், படம் பாட்டு வைக்கவாவது இந்த டிஸ்க்கை நம்பலாமா?