பையில் நடந்த சங்கு: கடற்கரையில் பொறுக்கிச் செய்த கைவேலைகள்

காற்றுமணி செய்யலாமென்று ஒரு பை நிறையச் சங்கும் கிளிஞ்சலும் பொறுக்கி வந்தேன். இரவு சமையலறையில் டொக், டொக் என்று சத்தம். போய்ப் பார்த்தால் ஒரு சங்கு தரையில் நடந்து போகிறது! உள்ளே துறவி நண்டு. அதன் பின்பாதி உடம்புக்கு ஓடு கிடையாது. செத்த நத்தையின் சங்கில்தான் குடியிருக்கும், வளர வளர வீடு மாற்றும். விடிந்ததும் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டேன். இப்போதெல்லாம் சங்கு கிடைத்தால் ஈர மணலில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பேன். நகர்ந்தால் அது எனக்கில்லை. அப்புறம், முழுச் சங்கைவிட உடைந்ததைத்தான் அதிகம் எடுக்கிறேன். உள்ளே இருக்கும் சுருள் தெரியும். தொங்கவிட்டால் அதுதான் அழகு.

* * *

உங்களுக்கு நடந்தது, எனக்குக் கரைந்தது. வினிகரில் போட்டால் கிளிஞ்சல் பளபளக்கும் என்று யாரோ சொல்ல, இரவு முழுக்க ஊறவைத்தேன். அது கால்சியம் கார்பனேட், அமிலம் பட்டால் கரையும் என்பதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். நுரை பொங்கியதைப் பார்த்து அழுக்குப் போகிறது என்று சந்தோஷப்பட்டேன் பாருங்கள்! காலையில் ரோஜா நிற வரிகளெல்லாம் போய்ச் சுண்ணாம்புத் துண்டு மாதிரி கிடந்தது. இப்போது நல்ல தண்ணீரில் நாலைந்து நாள், தினமும் தண்ணீர் மாற்றி, பழைய பல் பிரஷால் தேய்ப்பதோடு சரி.

* * *

துளை போடுவதில்தான் என் சிப்பிகள் பாதி உடைந்தன. கடலே துளை போட்டுத் தருவதை அப்புறம்தான் கவனித்தேன். சில இரட்டை ஓட்டுச் சிப்பிகளில் காம்பஸ் வைத்துப் போட்டதுபோல் வட்டத் துளை இருக்கும். வெளியே அகலம், உள்ளே குறுகல். வேட்டை நத்தை ஒன்று அமிலத்தைக் கசியவிட்டு, அரம் போன்ற நாக்கால் சுரண்டித் துளைத்து, உள்ளிருந்த சதையைத் தின்ற தடம் அது. அப்படிப்பட்டவற்றைக் கோத்து மகளுக்கு மாலை செய்தேன். கதையையும் சொன்னது என் தப்பு. இரண்டு நாள் தொடவே இல்லை. பிறகு தோழிகளிடம் அதே கதையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

துளையிட்டே ஆகவேண்டுமென்றால் சிப்பியை ஈரமாகவே வைத்து, முகமூடி போட்டுக்கொண்டு, கைத்துளைப்பானால் மெதுவாகச் செய்யுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

* * *

நான் கடல்பாசிப் பைத்தியம். அலையோடு கரை ஒதுங்கியதை மட்டும் எடுப்பேன். கையில் தூக்கினால் ஈர முடிக்கற்றை மாதிரிச் சுருண்டுவிடும். நாலு தாளைப் பாழாக்கிய பிறகே வழி புரிந்தது. அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டால் தானே விரியும். அடியில் தடித்த வரைதாளைச் செருகி, தூரிகையால் கிளைகளைப் பிரித்து, தாளோடு தூக்குங்கள். மேலே மெல்லிய துணி, செய்தித்தாள், கனமான புத்தகங்கள். செய்தித்தாளைத் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். மெல்லிய சிவப்புப் பாசி தன் வழவழப்பிலேயே தாளில் ஒட்டிக்கொள்ளும். தடித்த பழுப்புப் பாசிக்குக் கொஞ்சம் பசை வேண்டும்.

* * *

சங்கு நடந்த கதையை எழுதியவன்தான். மாலைக்காரர் சொன்ன துளைச் சிப்பியை நேற்றுத் தேடினேன், மூன்று கிடைத்தன. ஒன்றில் துளை பாதியிலேயே நிற்கிறது. தப்பித்திருக்கிறது போல. அதைக் கோக்க மனம் வரவில்லை; ஜன்னலில் வைத்திருக்கிறேன்.