தவக்காலத்தில் கதை வாசிக்கலாமா? சில அனுபவங்கள்

தூத்துக்குடியிலிருந்து ஒரு சகோதரி:

இயேசுவின் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய நோன்புக் காலமான தவக்காலம் நெருங்கினாலே எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த மக்களிடையே, ஒருவரையொருவர் "இந்த வருசம் எதை விடப் போறீங்க?" என்று கேட்டுக்கொள்வது வழக்கம். கறி, காப்பி, தொலைக்காட்சித் தொடர் என்று ஆளுக்கு ஒன்றைச் சொல்வார்கள். நான் பிறந்த வீட்டில் அந்தக் கேள்விக்கு எப்போதும் கதைப் புத்தகம்தான் பதில். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு வந்ததும், அம்மா வார இதழ்களையும் நாவல்களையும் ஒன்றாகக் கட்டிப் பரணில் ஏற்றிவிடுவார். உயிர்ப்பு ஞாயிறு கழிந்த பிறகே அந்தக் கட்டு இறங்கும். ஒருவேளை மட்டும் உண்ணும் ஒருசந்தியும் இறைச்சி தவிர்க்கும் சுத்தபோசனமும் வயிற்றுக்கு என்றால் இது கண்ணுக்கு என்பது அம்மாவின் கணக்கு. மணமான பிறகும் வெகுகாலம் நான் அதையே கடைப்பிடித்தேன். அந்த ஒறுத்தலின் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. ஆனால் இப்போது, ஆண்டின் வேறெந்தப் பருவத்தையும்விடத் தவக்காலத்தில்தான் ஊன்றியும் மகிழ்ந்தும் வாசிக்கிறேன்.

இதற்குக் காரணமானவர், எங்கள் பங்கில் தியானம் கொடுக்க வந்திருந்த வயது முதிர்ந்த குரு ஒருவர். "கதை வாசிப்பதில் கிடைக்கும் இன்பம் ஒறுத்தலைக் கெடுத்துவிடாதா, சாமி?" என்று அவரிடம் கேட்டேன். அவர் அதற்கு நேராகப் பதில் சொல்லாமல், புனித ஆசீர்வாதப்பர் ஆறாம் நூற்றாண்டில் தம் துறவியருக்காக எழுதிய ஒழுங்கின் 48-ஆம் அதிகாரத்தில் உள்ளதைச் சொல்லத் தொடங்கினார். தவக்காலத் தொடக்கத்தில் துறவி ஒவ்வொருவருக்கும் நூலகத்திலிருந்து ஒரு நூல் கொடுக்கப்பட வேண்டும் என்றும், அதை அவர் முதலிலிருந்து கடைசி வரை வரிசையாக வாசிக்க வேண்டும் என்றும், யாராவது வாசிப்பை விட்டுவிட்டு வெட்டிப் பேச்சில் இருக்கிறார்களா என்று பார்த்துவர மூத்தவர் ஒருவரோ இருவரோ மடத்தைச் சுற்றிவர வேண்டும் என்றும் அந்த ஒழுங்கு விதிக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் கேன்டர்பரிப் பேராயராக இருந்த லான்ஃபிராங்க் இதை மேலும் விரிவாக வகுத்திருக்கிறார்: சென்ற ஆண்டு கொடுத்த நூல்களையெல்லாம் மடத்தின் கூடத்தில் ஒரு விரிப்பின் மேல் பரப்பி, பெயர் பெயராக அழைப்பார்களாம், கொடுத்த நூலை வாசித்து முடிக்காதவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். சாமி இதைச் சொல்லிவிட்டு, "அவங்க புத்தகத்தை விடலைம்மா, புத்தகத்தைப் பிடிச்சாங்க" என்றார்.

அந்த ஒரு சொல் என் மனத்தில் ஆழமாக இறங்கியது. அதுவரை ஒறுத்தல் என்றால் இன்பத்தைத் தவிர்ப்பது என்று மட்டுமே எண்ணியிருந்த எனக்கு, ஒரே நூலைக் கையில் எடுத்து, இடையில் வேறொன்றைத் தொடாமல், அலுப்பு வந்தாலும் பக்கங்களைத் தாண்டாமல் வாசிப்பதும் ஒறுத்தல்தான் என்பது அன்று விளங்கியது. இன்றைக்கு நம்மில் பெரும்பாலோர் கைப்பேசியில் பத்து இடங்களைத் தொட்டுவிட்டு எதையும் முடிக்காமல் உறங்கப் போகிறோம் என்பதை நினைத்தால், அந்தப் பழைய விதி நம் காலத்துக்கே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது.

அந்த ஆண்டு நான் எடுத்தது வீரமாமுனிவரின் தேம்பாவணி. இயேசுவின் வளர்ப்புத் தந்தையான புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்ட காப்பியம் அது. மார்ச் மாதம் அவருக்குரிய வணக்க மாதம், மார்ச் 19 அவருடைய பெருவிழா, இரண்டும் பெரும்பாலும் தவக்காலத்துக்குள்ளேயே வந்துவிடுவதால் பொருத்தமாகவும் இருந்தது. மூன்று காண்டங்கள், 36 படலங்கள், 3615 பாடல்கள் என்பதால் முதற்காண்டத்தை மட்டும் இலக்காக வைத்துக்கொண்டேன். இரவு செபமாலை முடிந்ததும் உரையோடு கூடிய பதிப்பைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, பாட்டை ஒருமுறை வாய்விட்டுப் படித்து, பிறகு உரையைப் பார்த்து, மீண்டும் பாட்டுக்கு வருவேன். இத்தாலியில் பிறந்து 1710-இல் இந்தியா வந்த ஒருவர், யூதேயாவை வருணிக்கும்போது மழை பொழிந்து ஆறு பெருகி வயல் விளையும் நம் மருத நிலமாகவே அதைக் காட்டியிருக்கும் அழகில், சில நாட்கள் குறித்துவைத்த அளவைத் தாண்டியும் வாசித்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்குக் கிடைத்தது இன்பம்தான். வேறு பெயரிட்டு அதை மறைக்க நான் விரும்பவில்லை.

ஒருநாள் என் பேத்தி அருகில் வந்து உட்கார்ந்து, "இதை எழுதினவர் கதை எழுத மாட்டாரா ஆச்சி?" என்று கேட்டாள். அதே கையால் அவர் பரமார்த்த குருவின் கதையையும் எழுதியிருக்கிறார் என்று சொல்லி, ஆறு உறங்குகிறதா விழித்திருக்கிறதா என்று பார்க்கச் சீடன் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் தோய்த்த கதையைச் சொன்னேன். தண்ணீர் 'சுர்'ரென்று சீறியதும் சீடன் அலறியடித்து ஓடிவரும் இடத்தில் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள். அது தவக்கால வெள்ளிக்கிழமை. இயேசுவின் பாடுகளை நினைத்துச் செபிக்கும் சிலுவைப்பாதைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த மதினிக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. "பாடு நினைக்கிற நாள்ல என்ன சிரிப்பு வேண்டிக் கெடக்கு?" என்றார்கள். அவர்களுடைய பக்தியை நான் அறிவேன் என்பதால் வாதாடவில்லை. இரண்டு நூல்களையும் எழுதியவர் ஒரே குருதான் என்பதை மட்டும் சொன்னேன். "அப்படியா?" என்றவர்கள், கோயிலுக்கு நடக்கும் வழியில் மீதிக் கதையைக் கேட்டார்கள்.

எல்லா வாசிப்பும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. 1521-இல் காலில் குண்டடி பட்டுப் படுக்கையில் கிடந்த புனித இஞ்ஞாசியார் வீரசாகசக் கதைகளைக் கேட்டபோது, அவை அந்த வீட்டில் இல்லாததால் கிறிஸ்துவின் வரலாற்றையும் புனிதர்களின் வரலாற்றையும் கொடுத்தார்கள். பெருமை தேடும் கனவுகள் அப்போதைக்கு இனித்துப் பிறகு மனத்தை வறட்சியாக விட்டுப்போனதையும், புனிதர்களைப் பற்றிய நினைவுகள் கலைந்த பின்னும் மகிழ்ச்சி நிலைத்திருந்ததையும் அவர் கவனித்தார். அவர் நிறுவிய இயேசு சபையைச் சேர்ந்த அண்டிரிக் அடிகளார், 1586-இலேயே நம் முத்துக்குளித்துறை மக்களுக்காகப் புனிதர் வரலாற்று நூல் ஒன்றைத் தமிழில் அச்சேற்றினார் என்பதை இந்தக் கரையைச் சேர்ந்தவள் என்ற முறையில் பெருமையோடு சொல்கிறேன். நூலை மூடிய பின் மனம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பதையே நானும் அளவாக வைத்திருக்கிறேன். அந்த அளவில் தேறிய நாவல்களும் உண்டு, தேறாத பக்திப் புத்தகங்களும் உண்டு.

மன்னாரிலிருந்து ஒருவர்:

சகோதரி எழுதியதை வாசித்தபோது எங்கள் அப்பப்பாவின் குரல்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் பழையவர்கள் தவக்காலத்தைத் தபசு காலம் என்பார்கள். அந்த நாட்களில், ஆண்டவருடைய பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் என்ற நூலை வாசிப்பது எங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். கோவாவில் பிறந்து 1705-இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார் எழுதியது அது. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கம் ஒடுக்கப்பட்டிருந்த நாட்களில் அந்த அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் இத்தனை நூல்களை எழுதினார் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி.

அப்பப்பா அதைச் சாதாரணமாக வாசிக்க மாட்டார், இராகமெடுத்துத்தான் வாசிப்பார். நீண்ட வசனம், மூச்சு விடும் இடம் தெரியாவிட்டால் நடுவில் குரல் உடைந்துபோகும். எனக்கு முதன்முதலில் ஒரு பகுதியை வாசிக்கத் தந்தபோது, "சொல்லை விழுங்காதே தம்பி, கடைசியில் இருக்கிறவவுக்கும் கேக்கவேணும்" என்று சொல்லி, மூச்செடுக்க வேண்டிய இடங்களில் பென்சிலால் சிறு கோடு போட்டுத் தந்தார். ஆண்டவருடைய பாடுகளைக் கேட்டு அழ வந்த சனம், நல்ல குரல் வாய்த்தவர் வாசிக்கும் நாளில் முன்னதாகவே வந்து இடம் பிடித்ததையும் நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இன்பமும் தபசும் எதிரெதிர் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த இராகத்தின் இனிமை இல்லாதிருந்தால் அந்தத் துயரம் எங்கள் சிறுவயது மனங்களுக்குள் நுழைந்திருக்காது. இப்போது எங்கள் பிள்ளைகளில் அதை இராகத்தோடு வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள் என்பதுதான் எனக்குள்ள கவலை. தெரிந்த பெரியவர்கள் உங்கள் ஊர்களில் இருந்தால், தயவுசெய்து அவர்களுடைய குரலைப் பதிவு செய்து வையுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து ஒருவர்:

நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவர்கள், தவக்காலம் எங்களுக்கு லெந்து காலம். நான் வாசிப்பை விடுவதில்லை, புத்தகம் வாங்குவதை விட்டுவிடுகிறேன். வாங்கி வைத்து வாசிக்காத நூல்கள் அலமாரியில் நிறைய இருப்பதால், அவற்றிலிருந்தே ஒன்றை எடுப்பேன். வாங்க நினைத்த நூலின் விலையை லெந்து காணிக்கை உறையில் போட்டு, உறையின் மேல் அந்த நூலின் பெயரைச் சிறியதாக எழுதி வைப்பேன். எங்கள் ஊர்ப்பக்கத்துக் கவிஞர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1894-இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகம் என்ற காப்பியத்தை நான் முழுவதுமாக வாசித்தது இப்படித்தான். அதுவரை அதன் தேவாரப் பாடல்களை ஆராதனையில் கேட்டதோடு சரி.

ஆனால் ஒரு விஷயத்தில் சகோதரியிடமிருந்து மாறுபடுகிறேன். துப்பறியும் நாவலை லெந்து நாட்களில் நான் தொடுவதில்லை. அது பாவம் என்பதற்காக அன்று. கொலையாளி யாரென்று தெரியாமல் குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தால், என் வாய் சங்கீதத்தைச் சொல்லும், மனம் அந்தப் பூட்டிய அறைக்குள்ளேயே நிற்கும். அதனால் அது எனக்கு நீண்ட காத்திருப்புதான். பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி நேர ஆராதனை முடிந்து வரும்போது, இன்னும் ஒரு நாள்தான் என்ற எண்ணம் வரத்தான் செய்கிறது.

மீண்டும் தூத்துக்குடி சகோதரி:

பாளையங்கோட்டை அண்ணன் அவ்வளவு நாள் காத்திருக்கத் தேவையில்லை. திருநீற்றுப் புதனிலிருந்து உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய சனிக்கிழமை வரை எண்ணினால் 46 நாட்கள் வரும். ஞாயிறு ஆண்டவருடைய உயிர்ப்பைக் கொண்டாடும் நாள் என்பதால், இடையில் வரும் ஆறு ஞாயிறுகளையும் நோன்புக் கணக்கில் சேர்க்காமல்தான் நாற்பது என்கிறோம். அந்த ஞாயிறுகளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த நாவலைத் தாராளமாக எடுக்கலாம். மாலை ஜெபத்துக்கு முன் கடைசி அத்தியாயத்தை எட்டிவிடும் அளவுக்குச் சிறிய நாவலாகப் பார்த்து எடுங்கள்.