ஏற்காட்டு ஏற்றமும் சமவெளிப் பந்தயமும்: வேலைக்குச் சென்றுகொண்டே ரோடு பைக் பயிற்சி செய்வோரின் அனுபவப் பகிர்வு

சூரமங்கலத்திலிருந்து, தனியார் நிறுவனக் கணக்குப் பிரிவு ஊழியர்:

சேலத்தில் ரோடு பைக் எனப்படும் வேக மிதிவண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஏற்காடு ஒரு வரம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பந்தயத்துக்குத் தயாராகிறவர்களுக்குச் சில வேளை அந்த வரமே குறுக்கே நிற்கிறது என்பது என் எண்ணம். ஞாயிறு விடியற்காலையில் அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம் சென்று, சோதனைச்சாவடியைக் கடந்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஏரிக்கரையில் காபி குடித்துவிட்டு இறங்கிவிட்டால் அந்த வாரப் பயிற்சி முடிந்தது என்ற நிறைவு நம்மில் பலருக்கு வந்துவிடுகிறது. வாரம் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவனுக்கு அந்த நிறைவு தேவையும்கூட.

அந்த ஏற்றம் உடலிடம் என்ன கேட்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்குப் பிள்ளையின் பழக்கம் விடாதல்லவா? ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றும், ஏறும் உயரம் 1,000 மீட்டர் என்றும் கொண்டால், ஒன்றேகால் மணி நேரத்தில் மேலே போய்ச் சேரப் புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டும் கால்கள் தொடர்ந்து சுமார் 174 வாட் திறனைத் தர வேண்டும். காற்றுத் தடையையும் டயர் உராய்வையும் சேர்த்தால் அது 200 வாட்டைச் சற்றே தாண்டும். இதில் கவனிக்க வேண்டியது அளவை விட, அது முதல் வளைவிலிருந்து கடைசி வளைவு வரை ஏறக்குறைய ஒரே சீராக இருக்கிறது என்பதுதான். யாரையும் துரத்த வேண்டியதில்லை. மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

பெங்களூர்ப் பக்கமும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் நாம் போய்க் கலந்துகொள்ளும் அமெச்சூர் பந்தயங்கள் பெரும்பாலும் சமமான சாலையில் நடப்பவை. அங்கே சாலைக் கூம்பைச் சுற்றித் திரும்பும் ஒவ்வொரு முறையும் முன்னால் இருப்பவர்கள் எழுந்து நின்று மிதிக்கிறார்கள். சில விநாடிகளுக்கு 500, 600 வாட் கொடுத்து அவர்கள் பின்சக்கரத்தை ஒட்டியே தொடர்ந்தால் பிழைத்தோம். கூட்டத்துக்குள் இருப்பவருக்கு முன்னால் செல்பவரை விட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகிறது. பத்து மீட்டர் இடைவெளி விழுந்துவிட்டால் அந்த மிச்சம் போய், காற்றைத் தனியாகக் கிழிக்க வேண்டியதாகிறது. ஏற்காட்டில் என்னை எளிதில் முந்திச் செல்லும் நண்பர் ஒருவர், இத்தகைய பந்தயம் ஒன்றில் இரண்டாவது திருப்பத்திலேயே கூட்டத்தை விட்டு உதிர்ந்துபோனதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவர் கால்களில் பலம் இல்லாமல் இல்லை. அந்தத் திடீர்ப் பாய்ச்சலும், பாய்ந்து முடித்த உடனே மீளும் திறனும்தான் பழகவில்லை.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் மலைப்பாதையில் மண்சரிவு ஏற்பட்டுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது அனைவருக்கும் நினைவிருக்கும். மலை இல்லாத அந்த நாட்களில் வேறு வழியின்றி வீட்டு டிரெய்னரில், அதாவது வண்டியை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கும் கருவியில், குறுகிய இன்டர்வெல் பயிற்சியைத் தொடங்கினேன். நார்வே நாட்டு ஆய்வாளர் பென்ட் ரோன்னெஸ்டாட் ஆராய்ந்து பரவலாக்கிய முறை அது: 30 விநாடி கடும் வேகம், 15 விநாடி தளர்வு என்று 13 முறை, மூன்று நிமிட ஓய்வு, இப்படி மூன்று தொகுதிகள். உடலைச் சூடேற்றும் நேரத்தையும் சேர்த்து ஐம்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும் என்பதால், காலை ஆறரைக்குள் குளித்து, பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பி, ஒன்பதரைக்கு அலுவலகம் போய்விட முடிகிறது. செவ்வாயும் வியாழனும் இது. சனிக்கிழமை ஓமலூரைத் தாண்டி மேட்டூர் சாலையில் மூவராகச் சேர்ந்து, முறைவைத்து முன்னால் வந்து, ஒரு சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் ஓரடி இடைவெளி விட்டு ஓட்டிப் பழகுதல். அதற்கடுத்த பந்தயத்தில் நான் வெற்றி பெற்றுவிடவில்லை. ஆனால் கடைசிச் சுற்று வரை கூட்டத்துக்குள்ளேயே இருந்தேன், அதற்கு முன் அது எனக்கு வாய்த்ததில்லை.

டிரெய்னர் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: காந்தத் தடை வகை டிரெய்னருக்கு மின்சாரம் வேண்டாம், மின்விசிறிக்கு வேண்டும். சேலத்து ஏப்ரல் மாதத்தில் விசிறி நின்றுவிட்டால் பத்தே நிமிடத்தில் இதயத் துடிப்பு தாறுமாறாக ஏறிவிடும். அன்றைக்குப் பயிற்சியை நிறுத்திவிடுவதே நல்லது.

மேட்டூர் சாலையிலிருந்து, தொழிற்சாலையில் மூன்று ஷிப்ட் பணி செய்பவர்:

அண்ணன் எழுதியதில் பாதிக்கு உடன்படுகிறேன். மலை மனிதனைச் சோம்பேறியாக்குவதில்லை, அதை ஏறும் விதம்தான் ஆக்குகிறது. டிரெய்னரை வைக்க எங்கள் வீட்டில் இடமில்லை. இரவு ஷிப்ட் முடிந்து வந்து தூங்குபவனின் அறையில் பகலில் அது ஓடவும் முடியாது. ஆகவே நான் அடிவாரத்திலிருந்து பத்தாவது வளைவு வரை மட்டும் ஏறுகிறேன். வளைவுக்கு வளைவு நிதானமாக வந்து, ஒவ்வொரு வளைவிலிருந்தும் வெளியேறும்போது இருக்கையை விட்டு எழுந்து இருபது விநாடி பாய்ந்து, மூச்சை மீட்டுக்கொள்ள நிற்காமலே அடுத்த வளைவு வரை பழைய நிதான வேகத்தில் தொடர்வேன். கீழே இறங்கி மீண்டும் ஒருமுறை. அண்ணன் சொன்ன பாய்ச்சல் அத்தனையும் இதில் கிடைத்துவிடுகிறது.

ஆனால் ஷிப்ட் பணியில் உண்மையான எதிரி தூக்கமின்மைதான். இரவு ஷிப்ட் வாரத்தில் கடும் பயிற்சியை அறவே விட்டுவிட்டு, மாலையில் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய வேகத்தில் மட்டும் ஓட்டுகிறேன். எழுந்தவுடன் நாடி பார்ப்பேன். வழக்கத்தைவிடக் கணிசமாகக் கூடியிருந்தால் வண்டியைத் தொடுவதில்லை. முதல் ஷிப்ட் வாரத்தில் இரண்டு மணிக்கு வெளியே வந்ததும் சாப்பிட்டு ஒரு மணி நேரம் உறங்கிவிட்டு, வெயில் தணிந்த பிறகு கிளம்பினால் கால்கள் சொன்னபடி கேட்கின்றன. விடிகாலைப் பயிற்சியே உயர்ந்தது என்பது அலுவலகம் செல்பவர்கள் உண்டாக்கிய விதி என்று எனக்குத் தோன்றும்.

உணவைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நெடுநேரம் ஓட்டும்போது மணிக்கு 60 கிராம் அளவுக்கு மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். கடையில் விற்கும் ஜெல் பொட்டலங்களின் விலை என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. வெள்ளைச் சர்க்கரையில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் சரிபாதி இருப்பதால், முக்கால் லிட்டர் நீரில் 60 கிராம் சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, அரை எலுமிச்சை போதும். முந்தின இரவில் நம் ஊர் ஜவ்வரிசியில் உப்புமா. அதில் நார் குறைவு, வயிறு உப்பாது. பருப்பையும் கீரையையும் பந்தயம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அஸ்தம்பட்டியிலிருந்து, ஏற்காட்டில் பணிபுரியும் வங்கி ஊழியர்:

சகோதரர்கள் இருவரும் ஏறுவதைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். நான் நாள்தோறும் பேருந்தில் மலையேறி இறங்குபவள். இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் மட்டும் மிதிவண்டியில் ஏறுகிறேன். பேருந்தின் முன் இருக்கையிலிருந்து பார்த்தால் சைக்கிளில் இறங்குபவர்கள் எப்படித் தெரிகிறார்கள் என்பதை ஒருமுறையாவது நீங்கள் பார்க்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் பேருந்து திரும்ப வேண்டுமானால் எதிர்த்தடத்தையும் சேர்த்து எடுத்தே ஆக வேண்டும். மேலே ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை விதி. ஒரு நாள் எங்கள் பேருந்து அப்படித் திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில் வளைவின் உட்புறத்தை அறுத்துக்கொண்டு குனிந்தபடி ஒருவர் பாய்ந்து வந்தார்; ஓட்டுநர் பிரேக்கை அழுத்திய வேகத்தில் கூடைக்காரப் பாட்டியின் பலாச்சுளைப் பொட்டலங்கள் என் மடியில் வந்து விழுந்தன. வந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓட்டுநர் எதுவும் திட்டாமல் வியர்வையைத் துடைத்துக்கொண்டதுதான் எனக்கு அச்சமாக இருந்தது.

அதன் பிறகு நான் இறங்கும் முறை இதுதான்: வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுவது, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் வெளிப்புற மிதியைக் கீழே அழுத்தி, வளைவின் முடிவைப் பார்த்தபடி என் இடப்பக்கத்திலேயே திரும்புவது. மாலை மங்கிய பிறகு இறங்குவதே இல்லை, காட்டுமாடுகள் சாலைக்கு வரும் நேரம் அது. கோடை விழா நாட்களில் வண்டியை வீட்டிலேயே வைத்துவிடுகிறேன்.

சக்கரத்தின் விளிம்பையே (ரிம்) அழுத்தி நிறுத்தும் ரிம் பிரேக் வண்டி வைத்திருப்பவர்கள் தொடர்ந்து பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடாகும் என்கிறார்கள். கார்பன் சக்கரம் என்றால் அது எவ்வளவு தூரம் ஆபத்து?

சூரமங்கலத்திலிருந்து மீண்டும்:

சகோதரியின் கேள்விக்கு: ஆபத்து உண்மையானதுதான். அலுமினியம் வெப்பத்தை விரைவாகக் கடத்தி வெளியேற்றிவிடும், கார்பன் அப்படிச் செய்யாது. கார்பன் இழைகளை ஒட்டிப் பிடித்திருக்கும் பிசின் இளகினால் ரிம்மின் விளிம்பு வளைந்து டயர் கழன்றுவிடக்கூடும். ஆகவே பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே வராமல், இரண்டு பிரேக்குகளையும் சிறிது நேரம் அழுத்தமாகப் பிடித்து முழுவதும் விட்டுவிட வேண்டும். என் கார்பன் சக்கரங்கள் பந்தயத்துக்கு மட்டும்தான்; ஏற்காட்டுக்கு வண்டியோடு வந்த பழைய அலுமினியச் சக்கரங்களையே மாட்டிக்கொண்டு போகிறேன். மேட்டூர் சாலைத் தம்பியின் பத்தாவது வளைவுப் பயிற்சிக்கும் அதையே மாட்டிக்கொண்டு இந்த மாதம் வரலாமென்றிருக்கிறேன். எந்த வாரம் அவருக்கு முதல் ஷிப்ட் என்று சொன்னால் போதும்.