புதுப்பிப்பு: வாரியர்ஸ் – கிளிப்பர்ஸ் ஆட்டம் பற்றிய என் கணிப்பு

அமெரிக்கக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏ-வின் 2024-25 வழக்கமான பருவத்தின் கடைசி நாளில், கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் சொந்த அரங்கில் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸை வென்றுவிடும் என்று சனிக்கிழமை இங்கே எழுதியிருந்தேன். என் கணிப்பு பொய்த்தது. கூடுதல் நேரம் வரை சென்ற ஆட்டத்தில் 124-119 என்று கிளிப்பர்ஸ் வென்றது.

மலேசிய நேரப்படி திங்கள் அதிகாலை 3.30 மணிக்கு ஆட்டம் தொடங்கியது. செந்தூலில் எங்கள் வீட்டு வாசலில் அம்மா சித்திரைப் புத்தாண்டுக் கோலத்தை முடித்துக்கொண்டிருந்தபோது, நான் ஆறிப்போய் ஆடை படிந்த தேநீரைத் தொடாமல் கூடுதல் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரியில் ஜிம்மி பட்லர் அணியில் சேர்ந்தபின் வாரியர்ஸ் பெற்ற வேகத்தையும் சொந்த அரங்கையும் நான் அளவுக்கு மீறி நம்பிவிட்டேன். ஸ்டீபன் கறி 36 புள்ளிகள் எடுத்தும் போதவில்லை. கிளிப்பர்ஸின் ஜேம்ஸ் ஹார்டன் 39, கவாய் லெனர்ட் 33 என்று இருவர் சேர்ந்து எடுத்தால் எந்த அணியும் திணறத்தான் செய்யும். பருவ இறுதியில் இடம் உறுதியான அணிகள் முன்னணி வீரர்களுக்கு ஓய்வு கொடுப்பதால் கணிப்பு குழம்புவது வழக்கம். ஆனால் இங்கே பிளே-இன் சுற்றை (ஏழு முதல் பத்தாம் இடம் வரையிலான அணிகள் அடுத்த கட்டத்துக்குள் நுழைய ஆடும் கூடுதல் சுற்று) தவிர்க்க இரு அணிகளுமே முழுப் பலத்துடன் மோதின. ஆகவே லெனர்ட் நல்ல உடல்நிலையில் இருக்கிறாரா என்பதையே நான் முதலில் பார்த்திருக்க வேண்டும். “அவர் ஆடினால் கதை வேறு, தம்பி” என்று எச்சரித்த அண்ணனின் கணக்கே சரி.

ஏழாம் இடத்துக்கு இறங்கிய வாரியர்ஸ் அடுத்து பிளே-இன் சுற்றில் மெம்பிஸ் அணியைச் சந்திக்க வேண்டியிருந்தது. அதில் வாரியர்ஸ் வெல்லும் என்றே அப்போதும் நினைத்தேன்.