வீட்டில் அடித்த பேடாக் ஸ்டாண்ட்: கைப்பிடி ஏன் துள்ளுகிறது?

திருப்பூர்_390:
கேடிஎம் ட்யூக் பைக்குக்கு அடித்த பேடாக் ஸ்டாண்ட், அதாவது கைப்பிடியை அமுக்கினால் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் ஸ்டாண்ட். 25 மி.மீ. ஸ்கொயர் பைப், 2 மி.மீ. கனம், வெல்டிங்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கைப்பிடியைத் தரை வரை அமுக்கியாச்சு, டயரும் எழும்பியாச்சு. கையை எடுத்த நொடி கைப்பிடி சரேலென்று துள்ளி முழங்காலை உரசிக்கொண்டு மேலே போனது. டயர் டம்மென்று இறங்கியது. சீட்டை ஒரு ஆள் பிடித்திருந்ததால் வண்டி சாயவில்லை.

பார்த்தவர்கள் எல்லாரும் பைப்பைத்தான் குறை சொன்னார்கள். பைப்பில் ஒன்றுமில்லை, ஸ்டாண்டின் சிறு சக்கரங்கள் மாட்டிய அச்சு இருக்கும் இடம்தான் தப்பு. கைப்பிடி தரையில் படியும்போது, ஸ்விங் ஆர்மை (வண்டியின் பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை) தாங்கும் புள்ளி ஸ்டாண்டின் சக்கர அச்சைத் தாண்டி, கைப்பிடிப் பக்கமாக 20–30 மி.மீ. வந்திருக்க வேண்டும். அப்போதுதான் வண்டி எடையே கைப்பிடியைத் தரையோடு அமுக்கும். அச்சுக்கு முன்னாலேயே நின்றுவிட்டால் அதே எடை கைப்பிடியைத் தூக்கி அடிக்கும். அதிகமாகத் தாண்டினாலும் தொல்லைதான், வண்டியை இறக்க மூச்சு முட்டும்.

வெல்டர்_திண்டுக்கல்:
அச்சு சரி. ஆனால் நான் பார்த்த ஸ்டாண்டு சாய்ந்ததற்குக் காரணம் எல்லாப் பக்கமும் திரும்பும் ட்ராலி சக்கரம். தூக்கும்போது ஒரு சக்கரம் குறுக்கே திரும்பியது, ஸ்டாண்டே கோணலாகி ஸ்விங் ஆர்மைத் தாங்கும் பேட் ஒரு பக்கம் நழுவிவிட்டது. திரும்பாத நைலான் சக்கரம், 50 மி.மீ., 12 மி.மீ. போல்ட், நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் உள்ள, தானாகக் கழலாத நட்டு). அது போதும்.

முதலில் எல்லா மூட்டையும் டேக் (ஆங்காங்கே சின்னப் புள்ளி வெல்டிங்) மட்டும் அடியுங்கள். வண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு முழு வெல்டிங். 2 மி.மீ. பைப்புக்கு 2.5 மி.மீ. வெல்டிங் ராடு, 70 ஆம்பியர் பக்கம். கூட்டினால் ஓட்டை விழும். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் என்றால் மூட்டில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் அடியுங்கள், அந்தப் புகை காய்ச்சலில் தள்ளும்.

செயின்_பைத்தியம்:
ஸ்டாண்ட் எதுவானாலும் இதைக் கேளுங்க. கியர் போட்டு எஞ்சினை ஓடவிட்டு செயின் துடைக்கிற பழக்கத்தை இன்றோடு விடுங்க. துணி ஸ்ப்ராக்கெட் பல்சக்கரத்தில் சிக்கினால் விரலும் கூடவே போகும். எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில், கையால் சக்கரத்தைச் சுற்றுங்க. ஓ-ரிங் செயினுக்கு (கண்ணிகளுக்கு இடையே ரப்பர் வளையம் உள்ள செயின்) பெட்ரோல் வேண்டாம், ரப்பர் கெட்டுப்போகும். மண்ணெண்ணெயில் மென்மையான பிரஷ் போட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு செயின் லூப் (மசகு ஸ்ப்ரே) அடியுங்க, செயினின் உள்பக்கமாக. அடித்ததும் ஓட்டாமல் கொஞ்ச நேரம் விடுங்க. இல்லாவிட்டால் எல்லாம் ரிம்மில்தான் தெறிக்கும். தூக்கும் முன் முன்பிரேக் லீவரைப் பழைய ட்யூப் துண்டால் இறுக்கிக் கட்டுங்க.

வெல்டர்_திண்டுக்கல்:
கட்டுவது நல்லதுதான், ஆனால் முன்சக்கரம் பூட்டியிருந்தால் ஸ்டாண்ட்தான் முன்னால் உருள வேண்டும். வெடித்த சிமெண்ட் தரையில் நைலான் சக்கரம் முட்டி நிற்கும், பேட் நழுவும். கீழே ஒரு ப்ளைவுட் பலகை போடுங்கள்.

என்எஸ்_சேலம்:
அகலத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே? 30 மி.மீ. பைப்புக்குள் 25 மி.மீ. பைப்பைச் சொருகினால் (சுவர் 2 மி.மீ. என்றால் உள்ளளவு 26) நீட்டிக் குறைக்கலாம். 20 மி.மீ. இடைவெளியில் 10 மி.மீ. துளை, குறுக்கே போல்ட். பேடுக்கு 40×40×5 எல் ஆங்கிள், மேலே பழைய டயர் ரப்பர். ஆங்கிளின் நிமிர்ந்த பக்கம் வெளியே இருக்கட்டும், ஸ்விங் ஆர்ம் பக்கவாட்டில் நழுவாது. துளைக்குள் பிசிறு நின்றால் பைப் சிக்கும், அரம் போட்டு எடுத்துவிடுங்கள்.

திருப்பூர்_390:
அச்சு பிராக்கெட்டை வெட்டி 35 மி.மீ. முன்னால் நகர்த்தி டேக் அடித்தாச்சு. இப்போது கையை எடுத்தாலும் கைப்பிடி அசையவில்லை.