மறு: கொட்டில் பலகையின்ரை அடிக்கு ஒரு சொல்

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு நாளா தோட்டத்திலை நிண்டதாலை மடல் ஒண்டும் பாக்கேல்லை, இப்பதான் ஒரே மூச்சிலை வாசிச்சு முடிச்சன். கொட்டில் சுவர்ப் பலகையின்ரை அடியிலை, மழைத்தண்ணி தெறிச்சுப் பலகை உக்காமல் அடிக்கிற துண்டுக்குத் தமிழிலை என்ன பேர் வைக்கிறது எண்டதுதானே கதை.

> அடிமூடி எண்டு வைச்சால் சின்னச் சொல், ஆருக்கும் விளங்கும், இதோடை முடிப்பம்.

அண்ணை குறை நினைக்கக்கூடாது, உந்த அடிமூடியாலைதான் என்ரை காசு போனது. எங்கடை மோட்டர் கொட்டில் யாழ்ப்பாணத்திலை நீர்வேலிப் பக்கம், செம்மண் காணி, நாலு பக்கமும் பலகை அடிச்சது, கூரைத் தண்ணியை ஏந்திக் கொண்டுபோக விளிம்பிலை பீலி இல்லை. முதல் மாரியிலையே தாவாரத் தண்ணி நிலத்திலை அடிச்சுத் தெறிச்சு பலகையிலை ஒரு சாண் உயரத்துக்குச் சிவப்பு விழுந்திட்டுது, கொட்டில் கரைவேட்டி கட்டியிருக்கெண்டு பிள்ளையள் சிரிச்சதுகள். அதை மறைக்கத்தான் ஒருத்தரைக் கூப்பிட்டு "அடியைச் சுத்தி மூடி விடுங்கோ" எண்டன். அவரும் சொன்னபடி மூடினார். தகரத்தை வெட்டி பலகையோடை ஒட்ட அடிச்சு, அடியை மண்ணுக்குள்ளை ரெண்டு அங்குலம் புதைச்சு, இனி எலியும் பூராது எண்டிட்டுப் போனார்.

மூண்டாம் மாரி முடியேக்கை மூலைப் பலகை கொஞ்சம் தொங்கின மாதிரி இருந்துது. ஸ்குறூ டிறைவரை வைச்சு ஒரு அமத்து அமத்த, பிடி மட்டும் உள்ளை போட்டுது, தொதலுக்குள்ளை விரல் போறமாதிரி. தகரத்தைக் கழட்டினால் பின்பக்கம் முழுக்கக் கறையான் மண்ணாலை வாய்க்கால் கட்டி மேலை கூரைச் சட்டம் றீப்பை வரைக்கும் ஏறியிருக்கு. வெளியாலை தகரம் அப்பவும் பளபளா எண்டுதான் நிண்டுது.

அந்த மனிசனிலை பிழை சொல்ல ஏலாது, நான் சொன்ன சொல்லு அப்பிடி. மூடு எண்டால் மூடத்தான் செய்வினம். இந்தச் சாமானின்ரை வேலையோ மூடுறதில்லை, தெறிக்கிற தண்ணியைத் தான் வாங்கிக்கொண்டு பலகையைக் காக்கிறது. அதோடை பின்னாலை காத்துப் போகவும் வேணும், ஏனெண்டால் பலகையின்ரை வெட்டுமுகம் இருக்கெல்லோ, அதுதான் தண்ணியைக் கூடக் குடிக்கிற இடம், குடிச்சது காயாட்டில் உக்கத்தான் செய்யும். மேல் விளிம்பு மேல்பலகைக்குப் பின்னாலை மடிஞ்சு போகோணும், கீழ் விளிம்பு மண்ணிலை முட்டப்படாது. முட்டாட்டில் கறையான் ஏறினாலும் அந்த மண் வாய்க்கால் கண்ணுக்குத் தெரியும், தட்டி விடலாம். அமெரிக்கக் கட்டட விதியளிலை சாதாரண மரப்பலகை மண்ணிலை இருந்து 6 அங்குலமாவது, கொங்கிறீற் தளத்திலை இருந்து 2 அங்குலமாவது எழும்பி நிக்கோணும் எண்டு இருக்கு. இங்கிலாந்திலையும் சுவருக்கை ஈரம் ஏறாமல் போடுற படை நிலத்துக்கு மேலை 150 மில்லிமீற்றர், ஏறக்குறைய அதே கணக்குத்தான். எங்கடை ஐப்பசி கார்த்திகை மழைக்கு, அதுவும் பீலி இல்லாட்டில், 6 அங்குலம் காணாது எண்டது என்ரை எண்ணம், அந்தச் சிவப்புக் கரையே அளந்து காட்டுது. தண்ணி விழுற கோட்டிலை சல்லி பரவி விட்டால் தெறிப்புக் குறையும், அது வேறை கதை.

அதாலை நான் சொல்லுறது தெறிகாப்பு. பலகையிலை செய்தால் தெறிகாப்புப் பலகை, தகரத்திலை செய்தால் தெறிகாப்புத் தகரம். பாதக்கவசம் எண்டு ஒருத்தர் எழுதியிருந்தார், அது சப்பாத்துக் கடைப் பேர் மாதிரிக் கிடக்கு. பாவாடைப்பலகை பகிடிக்கு எழுதினது எண்டு நம்புறன்.

அடுத்தது, சுத்திவர அடிக்கிற அந்தப் பலகை, சீற்று எல்லாத்துக்கும் பொதுப்பேர். பக்கவாட்டு உறை எண்டு ஏன் கஷ்டப்படுறியள்? எங்களிட்டை செத்தை இருக்கே, ஓலையாலை அடைக்கிற சுவர். கிடுகுச் செத்தை, ஓலைச் செத்தை எண்டு சொன்னமெல்லோ, பலகைச் செத்தை, தகரச் செத்தை எண்டு சொன்னால் என்ன குறை? அந்தக் காலத்து ஆக்கள் செத்தையை நிலத்திலை ஊண்டேல்லை, மண்ணாலை குந்து எழுப்பி, சாணியாலை மெழுகி, அதுக்கு மேலைதான் செத்தை. அம்மம்மா வீட்டுக் குசினிக் குந்திலை மாரி முடிய ஒருக்கா மண் அப்பி விட்டால் சரி, கிடுகின்ரை அடி நனையாது. குந்து வைக்க வசதி இருந்தால் தெறிகாப்பே தேவைப்படாது எண்டும் விளக்கத்திலை போட்டு விடுங்கோ.

இதெல்லாம் தமிழிலை எழுதி ஆர் வாசிக்கப் போகினம் எண்டு கேட்ட தம்பிக்கு: 19ஆம் நூற்றாண்டிலை யாழ்ப்பாணத்து மானிப்பாயிலை அமெரிக்க மிசன் டொக்ரர் கிறீன் மேல்நாட்டு வைத்தியத்தையே தமிழிலை படிப்பிச்சவர், ஒரு தகரத் துண்டுக்கு நாங்கள் பயப்படுறதோ?

———

> எங்களிட்டை செத்தை இருக்கே

ஐயா, கதை அருமை. ஆனால் தமிழ்நாட்டுல செத்தைன்னா காஞ்ச சருகு, குப்பை. "பலகைச் செத்தை"ன்னு படிச்சா எங்க ஆளுங்க பெருக்கித் தள்ளிருவாங்க. தெறிகாப்புக்கு என் ஓட்டு உண்டு.

———

சரி தம்பி, அப்ப செத்தையை ஈழவழக்கு எண்டு குறிச்சு, சுவர்ப்பலகை எண்டதை முன்னுக்குப் போடுவம், எனக்கு அதிலை பிடிவாதம் இல்லை. அடிமூடியை மட்டும் எடுத்து விடுங்கோ. இண்டைக்குக் காலமை புதுப் பலகை மாத்த வந்த தச்சரிட்டை பேர் ஒண்டும் சொல்லாமல், மேலை மடிச்சு கீழை இடைவெளி விட்டு ஒண்டு வேணும் எண்டு கையாலை காட்டினன். "ஓ, தெறிக்கு வைக்கிற துண்டோ" எண்டு கேட்டுக்கொண்டே பென்சிலாலை பலகையிலை கோடு கீறத் தொடங்கிட்டார்.